மரத்திலிருந்து தண்டவாளத்துக்கு: கிறிஸ்துமஸ் ரயில் ஆர்னமென்ட்களை மாடல் ரயிலாக மாற்றுவது பற்றிய கேள்விகள்

டிசம்பர் 26 காலையில் அமெரிக்கக் கடைகளில் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருட்கள் பாதி விலைக்கு வந்துவிடும். அந்தக் கூடைகளைக் கிளறினால் எங்கேயாவது ஒரு ரயில் எஞ்சின் அகப்படும். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடச் செய்தது. இங்கே எல்லோரும் ஆர்னமென்ட் என்றுதான் சொல்கிறார்கள். பென்சில்வேனியாவில் இருக்கும் நான் சில வருடங்களாக இவற்றை வாங்கிப் பிரித்து, சக்கரம் மாற்றி, மேசை மேல் ஓடும் சின்ன ரயில்பாதைக்குக் கொண்டுவருகிறேன். பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என்னுடைய பதில்களையும் இங்கே தருகிறேன்.

நல்ல மாடல் ரயிலே விலைக்குக் கிடைக்கும்போது ஆர்னமென்ட் எதற்கு?

குறிப்பிட்ட ஓர் எஞ்சின் ஆணி ஆணியாக அப்படியே வேண்டும் என்றால் ஆர்னமென்ட் பக்கம் வராதீர்கள். அதற்குக் காசு சேர்த்து மாடலே வாங்குங்கள். ஆர்னமென்ட் தருவது வேறு: கைக்கு அடக்கமான, குணமுள்ள ஓர் உடம்பு. குட்டையான பாய்லர், பெரிய புகைபோக்கி, உயரமான கேபின். இப்படிப்பட்ட எஞ்சினை மாடல் கம்பெனிகள் அபூர்வமாகத்தான் செய்கின்றன. தப்பு நடந்தாலும் பெரிய நஷ்டமில்லை என்பதால், அறுக்கவும் துளைக்கவும் பழகுவதற்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது.

அலங்காரமாகப் பிறந்து ரயிலாக மாறுவது இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதும் இல்லை. பொம்மை ரயில் செய்யும் லயனல் கம்பெனியை ஜோஷுவா லயனல் கோவன் 1900-இல் நியூயார்க்கில் தொடங்கினார். அடுத்த வருடம் அவர் செய்த முதல் வண்டி, மோட்டார் வைத்த ஒரு திறந்த மரப்பெட்டி. கடையின் கண்ணாடிச் சன்னலுக்குள் சரக்கைச் சுமந்துகொண்டு சுற்றிவந்து, தெருவில் போகிறவர்களை நிற்க வைப்பதுதான் அதன் வேலை. நின்றவர்கள் சரக்கை விட்டுவிட்டு வண்டியை விலைக்குக் கேட்டார்கள்.

எந்த மாதிரி ஆர்னமென்ட் வேலைக்கு ஆகும்?

எதனால் செய்தது என்பதை முதலில் பாருங்கள். அடிப்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், ஊசியால் லேசாகக் கீறினால் தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக் என்றால் லேசாக இருக்கும், உள்ளே வெற்றிடம் இருக்கும். வேலை செய்ய இதுதான் சுலபம். மோட்டார் வைக்க இடமும் கிடைக்கும். உலோகம் என்றால் தொட்டால் சில்லென்று, கனமாக இருக்கும். பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்தது. ரெசின், அதாவது அச்சில் ஊற்றி இறுக வைத்த பிசின் என்றால் கனம் உண்டு, ஆனால் கீறிய இடம் சுண்ணாம்பு போல வெளுக்கும். ரெசின் பொம்மை பெரும்பாலும் கெட்டியாக, உள்ளே வெற்றிடம் இல்லாமல் இருக்கும். கீழே விழுந்தால் புகைபோக்கி முதலில் உடையும். கண்ணாடி ஆர்னமென்ட்டை மரத்திலேயே விட்டுவிடுங்கள்.

பிரபலமானது என்றால் ஹால்மார்க் கம்பெனியின் லயனல் வரிசை. ஹால்மார்க் 1973-இல் கீப்சேக் என்ற பெயரில் ஆர்னமென்ட் விற்கத் தொடங்கியது. லயனல் வரிசை 1996-இல் 700ஈ ஹட்சன் நீராவி எஞ்சினோடு ஆரம்பித்தது. 1997-இல் சாண்டா ஃபே எஃப்3 டீசல், 1998-இல் பென்சில்வேனியா ஜிஜி1 மின்சார எஞ்சின். வார்ப்பு உலோகத்தில் செய்தவை. பெயர் தெரியாத கடைச் சரக்கிலும் நல்லது இருக்கிறது. நான் அதிகம் விரும்புவது அந்தப் பெயரில்லாதவற்றைத்தான், காரணம் பின்னால் வருகிறது.

ஆர்னமென்ட்டில் ஸ்கேல் எதுவும் போட்டிருக்காதே. எதற்குப் பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். நீளத்தை அளந்து ஸ்கேல் முடிவு செய்யாதீர்கள். கதவை அளங்கள்.

முதலில் அடிப்படை. ஸ்கேல் என்பது நிஜத்தை எவ்வளவு சுருக்கியிருக்கிறது என்ற விகிதம். எச்.ஓ. ஸ்கேல் என்றால் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ‘என்’ ஸ்கேல் (ஆங்கில எழுத்து) 160-இல் ஒரு பங்கு, இடைவெளி 9 மி.மீ. மார்க்லின் கம்பெனி 1972-இல் கொண்டுவந்த இசட் ஸ்கேல் 220-இல் ஒரு பங்கு, இடைவெளி 6.5 மி.மீ. அமெரிக்க ஓ ஸ்கேல் 48-இல் ஒரு பங்கு.

இப்போது ஜிஜி1 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நிஜ ஜிஜி1 சுமார் 24.2 மீட்டர் நீளம். ஸ்ட்ராஸ்பர்க் ஊரில் உள்ள பென்சில்வேனியா ரயில் அருங்காட்சியகத்தில் இரண்டு நிற்கின்றன. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அந்த நீளம் புரியும். ‘என்’ ஸ்கேலில் அது 151 மி.மீ., இசட்டில் 110 மி.மீ. வரவேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஆர்னமென்ட்டாக அதைச் செய்கிறவர் என்ன செய்வார்? நடுவில் சுருக்குவார். உயரத்தையும் அகலத்தையும் அதே அளவுக்குச் சுருக்கினால் பொம்மை குச்சி மாதிரி ஆகிவிடும் என்பதால் அவற்றைச் சற்றுப் பெரிதாகவே விடுவார். ஆக, நீளம் ஒரு ஸ்கேலைச் சொல்லும், உயரம் வேறு ஸ்கேலைச் சொல்லும். நீளத்தை நம்பினால் பெட்டியோடு கோக்கும்போது எஞ்சின் தலைக்கு மேல் எழும்பி நிற்கும்.

கதவு அப்படி ஏமாற்றாது. ஓட்டுநர் ஏறும் கதவு எந்த ஊரிலும் ஓர் ஆள் நுழையும் அளவுதான். 175 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் இசட்டில் 8 மி.மீ., ‘என்’ ஸ்கேலில் 11 மி.மீ., எச்.ஓ.வில் 20 மி.மீ., ஓ ஸ்கேலில் 36 மி.மீ. இருப்பார். அட்டையில் இந்த நாலு உயரத்துக்கும் நாலு ஆள் வெட்டி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே கேபின் கதவுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எந்த ஆள் தலை இடிக்காமல், தொலைந்தும் போகாமல் நிற்கிறாரோ அதுதான் அந்த எஞ்சினின் ஸ்கேல்.

கதவு எச்.ஓ. என்கிறது, ஆனால் எஞ்சின் மொத்தமே 8 சென்டிமீட்டர்தான். இது தப்பான பொம்மை தானே?

தப்பே இல்லை. உங்கள் கையில் இருப்பது ஒரு குறுகிய பாதை எஞ்சின்.

அகலப் பாதை போட வசதியில்லாத மலைகளிலும், காடுகளிலும், சுரங்கங்களிலும், கரும்புத் தோட்டங்களிலும் 2 அடி, 3 அடி இடைவெளியில் பாதை போட்டார்கள். மெய்ன் மாநிலத்தில் 2 அடிப் பாதைகள் ஓடின. கொலராடோ மலைகளில் 3 அடிப் பாதை. இவற்றில் ஓடிய எஞ்சின்கள் பல குட்டையானவை, நாலு சக்கரமோ ஆறு சக்கரமோ கொண்டவை. ஆனால் ஓட்டுகிறவர் அதே ஆறடி மனிதர். அதனால் சின்ன உடம்பில் பெரிய கேபின். பெயரில்லாத ஆர்னமென்ட் எஞ்சின் அச்சு அசலாக இதே உருவத்தில் இருக்கிறது!

மாடலில் இதற்கு வழி, பெரிய ஸ்கேல் உடம்பைச் சின்ன ஸ்கேல் தண்டவாளத்தில் ஓட்டுவது. எச்.ஓ. உடம்பை ‘என்’ தண்டவாளத்தில் வைத்தால் 9-ஐ 87-ஆல் பெருக்கி 783 மி.மீ., அதாவது நிஜத்தில் இரண்டரை அடிப் பாதை. ஓ ஸ்கேல் உடம்பை எச்.ஓ. தண்டவாளத்தில் வைத்தால் 16.5 பெருக்கல் 48, அதாவது 792 மி.மீ.; அதுவும் ஏறக்குறைய இரண்டரை அடிதான். இந்த இரண்டாவது வகைக்கு ஓ.என்.30 என்று பெயர். பாக்மன் கம்பெனி 1998-இல் இதில் வண்டிகள் கொண்டுவந்தபோது, கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைக்கும் பீங்கான் வீடுகளோடு ஒத்துப்போகும் அளவில் கொண்டுவந்தது. பிற்பாடு தீவிர மாடல்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடித்தளத்துக்கு வேண்டிய மோட்டார், சக்கரம், தண்டவாளம் எல்லாம் சின்ன ஸ்கேலுக்கென்று ஏற்கெனவே கடையில் இருக்கின்றன. உடம்பு மட்டும்தான் வேண்டும். அதை அந்த 26-ஆம் தேதிக் கூடை தருகிறது.

நீலகிரி மலை ரயில் மாதிரி செய்ய முடியுமா?

நிறையத் தமிழ் நண்பர்கள் கேட்கிறார்கள். கணக்கு அழகாக ஒத்துவருகிறது. நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ், 1000 மி.மீ. இசட் தண்டவாளத்தின் 6.5 மி.மீ. இடைவெளியை 160-ஆல் பெருக்கினால் 1040. ஆகவே ‘என்’ அளவு உடம்பு, இசட் தண்டவாளம். பெட்டிகளுக்கு நீலமும் கிரீமும் அடிக்கலாம். எஞ்சினுக்கு மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அங்கே ஓடும் எக்ஸ் வகைப் பற்சக்கர எஞ்சின் உருவத்தில் எந்த ஆர்னமென்ட்டும் என்னுடைய கண்ணில் பட்டதில்லை. எட்டு இயங்கு சக்கரமும் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தால் தூரத்துப் பார்வைக்குப் போதும். எஞ்சினைக் குன்னூருக்கு ஏறும்போது இருப்பதுபோலப் பின்னால் வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் ஏறியவர்களுக்கு அது ஒன்றே அடையாளம்.

முதல் முயற்சிக்கு எதை எடுக்கலாம்?

எஞ்சினை எடுக்காதீர்கள். ரயிலின் கடைசியில் வரும் கார்டு பெட்டியை எடுங்கள். இங்கே அதை கேபூஸ் என்பார்கள். சிவப்புப் பெயின்ட், மேலே ஒரு சின்னக் கூண்டு, இரு முனையிலும் திண்ணை. ஆர்னமென்ட் கூட்டத்தில் இது நிறையவே கிடைக்கும். மோட்டார் தேவையில்லை, குட்டையாக இருந்தாலும் கண்ணை உறுத்தாது, ஏனென்றால் நாலே சக்கரம் கொண்ட குட்டி கேபூஸ்கள் நிஜத்திலேயே ஓடின.

‘என்’ தண்டவாளத்துக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். பழைய சக்கரங்களைக் குறடால் பிடுங்குங்கள் அல்லது அறுத்துவிடுங்கள். அடிப்பாகத்தை உப்புத்தாளில் தேய்த்து மட்டமாக்குங்கள். தாளைக் கண்ணாடிமேல் ஒட்டிவைத்து, பெட்டியை அதன்மேல் வட்டமாகத் தேய்த்தால் கோணல் வராது. ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் அடித்தளம் வெட்டிக்கொள்ளுங்கள். நடுக்கோட்டை ஊசியால் கீறிவிட்டு, அந்தக் கோட்டின் மேலேயே இரண்டு போகிகளுக்கும் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டங்கள்) துளை போடுங்கள். துளை அரை மில்லிமீட்டர் விலகினாலும் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே ஓடும். அதை நிமிர்த்துவதைவிடப் புதுத் தகடு வெட்டுவது மேல்.

போகி வாங்கும்போது கப்ளரும் (அடுத்த பெட்டியைக் கோக்கும் கொக்கி) சேர்ந்தே இருக்கும் வகையாகப் பாருங்கள். உயரப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு, கடையில் வாங்கிய நல்ல பெட்டி ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி இரண்டு கப்ளர்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டியின் உடம்பு தாழ்ந்து சக்கரத்தில் உரசினால் போகிக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய வாஷர். போகியை இறுக்கும்போது ஒரு ரகசியம்: ஒரு போகி பக்கவாட்டில் திரும்ப மட்டும் முடியட்டும், மற்றது கொஞ்சம் ஆடவும் முடியட்டும். அப்படியென்றால் பாதையில் மேடுபள்ளம் இருந்தாலும் சக்கரங்கள் எல்லாம் தண்டவாளத்தைத் தொட்டபடியே இருக்கும். இரண்டையும் இறுக்கினால் தடம் புரளும்.

பழைய சக்கரங்களையே வைத்து ஓட்ட முடியாதா?

முடியாது. இடைவெளி பொருந்தாது, பொருந்தினாலும் தண்டவாளத்தைப் பிடிக்கும் விளிம்பு சரியாக இருக்காது.

அதைவிட முக்கியமாக, உலோகச் சக்கரமும் உலோக அச்சும் ஒன்றாக இருந்தால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் ஷார்ட் ஆகும். மாடல் ரயிலில் ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், மற்றது நெகட்டிவ். அதனால்தான் நல்ல சக்கர ஜோடியில் ஒரு பக்கமாவது இன்சுலேஷன் இருக்கும். உடம்பே உலோகம் என்றால் இன்னும் கவனம் தேவை: முன் போகி ஒரு தண்டவாளத்தையும் பின் போகி மறு தண்டவாளத்தையும் உடம்பு வழியாகச் சேர்த்துவிடலாம். தண்டவாளத்தில் வைக்கும் முன்பு ஒவ்வொரு சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் வைக்காதீர்கள்.

மோட்டார் எங்கே வைப்பது?

பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே இடம் இருக்கிறது என்றால், கேட்டோ, டோமிடெக் போன்ற ஜப்பானியக் கம்பெனிகள் ‘என்’ தண்டவாளத்துக்கு மோட்டாரோடு முழு அடிச்சட்டமாகவே விற்கின்றன. வாங்கும் முன்பு அதன் நீளம், அகலம், உயரத்தைக் குறித்துக்கொண்டு அதே அளவில் ஓர் அட்டைப்பெட்டி செய்து ஆர்னமென்ட்டுக்குள் நுழைகிறதா என்று பாருங்கள். இந்த அட்டைப்பெட்டிச் சோதனையைச் செய்யாமல் நான் வாங்கிய முதல் அடிச்சட்டம் இரண்டு மி.மீ. அகலம் கூடுதலாக இருந்தது. உடம்பின் உட்சுவரைச் செதுக்கியே ஒரு வாரம் போனது.

கெட்டி ரெசினாக இருந்தால் குடையாதீர்கள். தூசியும் பறக்கும், உடையவும் உடையும். அதற்குப் பதிலாக மோட்டாரை எஞ்சினுக்குப் பின்னால் வரும் மூடிய சரக்குப் பெட்டிக்குள் மறைத்துவிடுங்கள். எஞ்சின் வெறும் உருளும் பொம்மை. பின்பெட்டி அதைத் தள்ளுகிறது. பார்ப்பவர்களுக்கு எஞ்சின் இழுப்பதாகத்தான் தெரியும். ரெசின் ஆர்னமென்ட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வார்ப்பு உலோகம் என்றால் கீழ்த்தகடு திருகாணியில் நிற்கிறதா, ரிவெட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். ரிவெட் என்றால் அதன் தலையை மட்டும் டிரில் வைத்து எடுத்துவிட்டு, 1.6 மி.மீ. துளையில் மரை போட்டு 2 மி.மீ. திருகாணி மாட்டலாம். உலோகத்தின் கனம் எஞ்சினுக்கு நல்லது, சக்கரம் வழுக்காமல் இழுக்கும். அந்தச் சின்ன மோட்டார் தாங்குமா என்பதை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். மோட்டார் கையில் சுடுகிறது என்றால் அது அதிகச் சுமை.

பெட்டிகள் எவ்வளவு கனம் இருக்கலாம்?

அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய தேசிய மாடல் ரயில் சங்கம், என்.எம்.ஆர்.ஏ., இதற்கு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. ‘என்’ ஸ்கேலில் அடிப்படையாக அரை அவுன்ஸ், அதற்கு மேல் ஓர் அங்குலத்துக்கு 0.15 அவுன்ஸ். கிராமில் சொன்னால் 14 கிராம், கூட அங்குலத்துக்கு நாலேகால் கிராம். மூன்று அங்குலப் பெட்டிக்குச் சுமார் 27 கிராம். ரெசின் ஆர்னமென்ட் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். தாண்டினால் அப்படிப்பட்ட பெட்டி ஒரு ரயிலில் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். கனமான பெட்டியை எஞ்சினை ஒட்டி வையுங்கள். கடைசியில் வைத்தால் வளைவில் நடுப்பெட்டிகளை உள்பக்கமாக இழுத்துக் கவிழ்த்துவிடும்.

வளைவு எவ்வளவு வைக்கலாம்?

நாலு சக்கர எஞ்சினும் குட்டிப் பெட்டிகளும் என்றால் கேட்டோவின் 117 மி.மீ. ஆர வளைவிலேயே திரும்பும். பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தில் ஒரு முழு ரயில்பாதை!

மேலே கொக்கி மாட்டும் வளையத்தை என்ன செய்வது?

பெரும்பாலும் அது ஒரு சின்ன ஊசித் திருகு அல்லது பசையில் செருகியது. குறடால் பிடித்து மெதுவாகத் திருகிப் பாருங்கள். வராவிட்டால் வளையத்தின்மேல் மட்டும் சால்டரிங் அயர்னைச் சில வினாடி வைத்துச் சூடாக்குங்கள், பசை இளகும்.

துளை மிச்சமாகும். பட்டி வைத்து அடைத்துத் தேய்க்கலாம்தான். ஆனால் நீராவி எஞ்சினில் அந்தத் துளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: பாய்லரின் நடு உச்சியில், எடை சமமாகும் இடத்தில். நிஜ எஞ்சினில் அந்த இடத்தில் நீராவிக் குமிழோ, மணல் பெட்டியோ, மணியோ இருக்கும். சட்டைப் பித்தானோ, கோலிகுண்டு போன்ற ஒரு மணியோ, துளைக்குள் இறங்கும் குச்சியோடு செருகிவிட்டால் துளையே உதவியாகிவிடுகிறது. சரக்குப் பெட்டி என்றால் கூரையின் நீளத்துக்கு ஒரு மெல்லிய நடைபலகை ஒட்டினால் போதும். பழைய அமெரிக்கப் பெட்டிகளில் பிரேக்காரர்கள் நடக்க அப்படி ஒரு பலகை இருந்தது.

மினுக்கு, பனி, மலர்வளையம் எல்லாம் ஒட்டியிருக்கிறது. பெயின்ட்டை எப்படி எடுப்பது?

பிளாஸ்டிக் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 91 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷால் தேயுங்கள். அசிட்டோன் பக்கம் போகவே கூடாது. அவசரத்தில் நான் ஒருமுறை நகப்பூச்சு நீக்கியைத் தொட்டு வைத்தேன். கேபின் சன்னல் சட்டங்கள் என்னுடைய கண்முன்னே குழைந்து படுத்துவிட்டன. உலோகத்துக்கு அசிட்டோன் சரி. ரெசினில் பெயின்ட்டை எடுக்கவே வேண்டாம், மினுக்கை மட்டும் ஈர உப்புத்தாளில் தேய்த்துவிட்டு மேலே பிரைமர் அடியுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் சுரண்டும் முன்பு ஒரு நிமிடம் யோசியுங்கள். மலர்வளையம் மாட்டிய எஞ்சின் நிஜத்திலும் உண்டு. கெண்டக்கியிலிருந்து டென்னசியின் கிங்ஸ்போர்ட் வரை மலைக்கிராமங்களுக்குப் பரிசுப் பொருட்களோடு சாண்டா ரயில் 1943 முதல் போகிறது. கனடியன் பசிபிக் கம்பெனி 1999-இல் தொடங்கிய விடுமுறை ரயில், பெட்டி முழுவதும் விளக்கோடு ஊர் ஊராக நின்று உணவு வங்கிகளுக்காகச் சேகரிக்கிறது. ஆகவே முன்பக்கத்து வளையத்தை விட்டுவைத்து, மற்றதெல்லாம் கறுப்பும் துருவும் கரியுமாக நிஜ எஞ்சின்போல அழுக்காக்குங்கள். டிசம்பரில் வேலை செய்யும் ஒரு சாதாரண எஞ்சின் உங்களுக்குக் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

விளக்கு?

ஆர்னமென்ட்டோடு வந்த குமிழ் பல்பை அப்படியே இணைக்காதீர்கள். இங்கத்திய 120 வோல்ட் சரத்தில் 50 பல்புகள் வரிசையாக இருப்பதால் ஒவ்வொன்றும் சுமார் 2.4 வோல்ட்தான் வாங்குகிறது. தண்டவாளத்தின் 12 வோல்ட்டில் உடனே எரிந்துபோகும். வெள்ளை எல்.இ.டி. ஒன்றை 1000 ஓம் ரெசிஸ்டரோடு வையுங்கள். சுமார் 9 மில்லி ஆம்பியர் போகும், முகப்பு விளக்குக்குத் தாராளம். ரயில் பின்னால் போகும்போது மின்சாரம் திசை மாறும், அது எல்.இ.டி.யைக் கெடுக்காதபடி பக்கத்தில் 1என்4148 டயோடு ஒன்றை எதிர்முகமாகச் சேர்த்துவிடுங்கள்.

எஞ்சின் அல்லாத ஆர்னமென்ட்களில் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

நிறைய. வீடு, தேவாலயம், தெருவிளக்கு, கிணறு எல்லாவற்றுக்கும் அதே கதவுச் சோதனைதான். 11 மி.மீ. ஆள் நுழையாத வீட்டைத் தூக்கி எறியாதீர்கள். பாதையின் பின்கோடியில் வைத்தால் தூரத்து வீடாகிவிடும், மேசை நீளமாகத் தெரியும். கண்ணாடி உருண்டையின் தலையில் இருக்கும் உலோக மூடி ஒரு தொழிற்சாலைக் கூரையின் காற்றுப்போக்கியாக உட்காரும். பிரவுன் நிற மணிச்சரத்தைப் பிரித்தால் திறந்த பெட்டிக்குச் சரக்கு. ஓடவே முடியாத ரெசின் எஞ்சினை ஊர்ப் பூங்காவில் ஒரு மேடை கட்டி நிறுத்துங்கள். ஓய்வு பெற்ற நிஜ எஞ்சின்கள் அப்படித்தான் நிற்கின்றன.

இந்த வட்டாரத்தில் மரத்தடியில் ஊர் அமைக்கும் பழக்கத்துக்குப் புட்ஸ் என்று பெயர், ஜெர்மானியக் குடியேறிகளோடு வந்தது. 1920, 30-களில் அதற்காக ஜப்பானிலிருந்து மினுக்கு ஒட்டிய அட்டை வீடுகள் வந்து சில்லறைக் கடைகளில் விற்றன. அவை பழைய பொருள் சந்தைகளில் இன்னமும் கிடைக்கின்றன. அவற்றை வெட்ட எனக்கு மனம் வருவதில்லை, அப்படியே வைக்கிறேன்.

விலைமதிப்புள்ள ஒன்றை அறியாமல் வெட்டிவிட்டால்?

பெட்டியோடு, தாளோடு இருக்கும் பழைய ஹால்மார்க்கைச் சேகரிப்பாளர்கள் தேடுவார்கள். அதை விட்டுவிட்டு, பெட்டி தொலைந்த, கொக்கி உடைந்த, பெயின்ட் உதிர்ந்த ஒன்றைத் தேடி வாங்குங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் சேர்ப்பதை 1978-இல் தடை செய்தார்கள். அதற்கு முந்தைய பொருள் என்று சந்தேகம் வந்தாலே தேய்க்கவும் சுரண்டவும் வேண்டாம். ரெசினை எப்போதும் தண்ணீர் தொட்டே தேயுங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், சாப்பாட்டு மேசையில் செய்யாதீர்கள். பழைய துத்தநாக வார்ப்பில் மேற்பரப்பு தானாக வெடித்து உப்பியிருந்தால், உலோகத்தில் ஈயம் கலந்ததால் வந்த நோய் அது; பசையோ பட்டியோ நிறுத்தாது. வாங்காதீர்கள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு மறுபடியும் மரத்தில் தொங்கவிட முடியுமா?

முடியும், அதற்காகத்தான் கழற்றிய வளையத்தைத் தூக்கி எறியக் கூடாது என்கிறேன். பாய்லர்மேல் வைத்த குமிழை ஒட்டாமல், துளையில் இறுக்கமாகச் செருகி மட்டும் வையுங்கள். டிசம்பரில் குமிழைப் பிடுங்கிவிட்டு வளையத்தைத் திருகலாம். மோட்டாரும் புதுச் சக்கரமும் சேர்ந்ததால் முன்பைவிடக் கனமாக இருக்கும், நுனிக்கிளை தாங்காது. தண்டை ஒட்டிய தடித்த கிளையில், மெல்லிய கொக்கிக்குப் பதில் செம்புக் கம்பியால் கட்டுங்கள். எங்கள் வீட்டு கேபூஸ் ஜனவரி முதல் வாரத்தில் இறங்கி வரும். அன்றைக்கே சக்கரங்களைத் துடைத்து, அச்சு முனைகளில் கிராஃபைட் தூள் தொட்டு, பாதையில் விட்டுவிடுவோம்.